ஷார்ஜா டயரும் லாக் போல்ட் சாவியும்

பல்ஜ்

அந்தக் கார் எங்கள் கடைக்கு ஓடி வரவில்லை. ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி வந்தது. வெளியே இடவப்பாதிப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. வண்டியை இறக்கும்போது அதன் பின்னால் குடைகூடப் பிடிக்காமல் நனைந்துகொண்டு வந்தவள் நித்யா, என் முதலாளியின் மகள். அடிபட்டது காருக்கா அவளுக்கா என்று சந்தேகம் வரும்படி இருந்தது அவள் முகம்.

“ஆன்ட்டி, ஒரு குழி. தண்ணி நின்னதுனால தெரியல்ல. பல்ஜ் வந்துட்டு” என்றாள்.

என் பெயர் எஸ்தர். பாறசாலைக்காரி. கரமனைக்குப் போகிற ரோட்டில் உள்ள ஒரு டயர் கடையில் பில் போட வந்து, பிறகு எந்தக் காருக்கு எந்த டயர் என்று சொல்கிற நாற்காலிக்கு மாறி, அதிலேயே தலை நரைத்தவள். ஆரம்பத்தில் கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி ஃபிட்டர் பிஜுவிடம் போய்க் கேட்பார்கள். பொம்பளைக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்கிற எண்ணம். பிஜு ஸ்பேனரால் என் பக்கம் கை காட்டுவான். நானும் வந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு “சைஸ் சொல்லுங்க” என்பேன். அந்தப் பார்வைக்காகவே என்னைப் பிடிக்காதவர்கள் உண்டு. பிடிக்க வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

குனிந்து பார்த்தேன். முன் இடது டயரின் பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவுக்குப் புடைப்பு. உள்ளே நூல் அறுந்தால்தான் இப்படி வரும். இதை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. எந்த நிமிஷமும் வெடிக்கும். பின் டயர்கள் இரண்டும் தேய்மானக் கோட்டைத் தொட்டுவிட்டன. இந்த வகைக் காரில் ஸ்டெப்னியும் கிடையாது, வைக்க இடமே விட்டிருக்க மாட்டார்கள். நாலையும் மாற்றியாக வேண்டும்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின் சக்கரத்தில் இழுக்கிற ஜெர்மன் கார். லேசாகக் கால் வைத்தாலே பாயும். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்த்துச் சேர்த்த சொந்தக் காசில், நித்யா செகண்ட் ஹாண்டாக வாங்கியது. அந்த மாடல்தான் வேண்டும் என்று தேடி வாங்கினாள். அவளுடைய சித்தப்பா தங்கவேல் ஷார்ஜாவில் இருக்கிறார். லீவில் வரும்போதெல்லாம் இந்தக் காரைப் பற்றியே பேசுவார். சின்னப் பெண்ணாக மடியில் உட்கார்ந்து கேட்டவள், வளர்ந்து அதையே வாங்கிவிட்டாள்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் பேச ஆரம்பித்தாள். செமி ஸ்லிக், அதாவது ரேஸுக்குப் போடுகிற கிட்டத்தட்ட வழுவழுப்பான டயர், போடலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து கார் ஓட்டுகிற ஒரு கூட்டம் உண்டு அவளுக்கு, அவர்கள் எல்லாரும் அதுதான் போட்டிருக்கிறார்கள். காம்பவுண்ட், லோடு இன்டெக்ஸ், ஸ்பீடு ரேட்டிங் என்று அவள் அடுக்கியதில் ஒன்றுகூடத் தப்பில்லை. படித்த பிள்ளை, நன்றாகவே படித்திருந்தாள்.

“காஞ்ச ரோட்டில நீ சொல்லுறது சரிதான் பிள்ளே” என்றேன். “நம்ம ஊர்ல ரோடு எப்பக் காயுது? ஒரு மழைக்கே தம்பானூர்ல பஸ்ஸு நீந்திப் போகுது. உனக்க பின் டயரு இருநூத்தம்பத்தஞ்சு அகலம். அத்தனை அகலத்துக்கு அடியில வாற தண்ணி எங்க போகும்?”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவளே சொன்னாள், அகல டயர் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும், தண்ணீர் வடிய அதில் ஆழமான கால்வாய் வெட்டியிருக்க வேண்டும், செமி ஸ்லிக்கில் அது இல்லை என்று. அப்புறம் ரன்ஃப்ளாட் போடலாமா என்று கொஞ்ச நேரம் வாதாடினோம். காற்று போனாலும் ஓடும், நல்லதுதான். ஆனால் பக்கச்சுவர் இரும்பு மாதிரி விறைப்பு, நம் ஊர்க் குழிகளில் முதுகு பெயர்ந்துவிடும். சாதா டயரே போட்டு, டிக்கியில் ஒரு காற்றடிக்கிற மெஷினும் பஞ்சர் கிட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முன்னால் 225/40, பின்னால் 255/35, கதவுத் தூணில் கம்பெனி ஒட்டியிருக்கிற அட்டையில் உள்ளபடி. நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், சமீபத்தில் செய்தது, ஈர ரோட்டுப் பிடிப்பில் முதல் கிரேடு. கொச்சி டிப்போவில் இருந்தது. நான் ஃபோனை எடுத்தேன்.

“ஃபோனை வை எஸ்தரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஷார்ஜா சரக்கு

என் முதலாளி மாணிக்கம் அண்ணாச்சி. அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்து சாலை பஜாரில் இரும்புக் கடை வைத்த குடும்பம். மூத்தவர் இவர். தம்பி தங்கவேல் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலைக்குப் போனார். அங்கிருந்து அவர் அனுப்பியதை வைத்துத்தான் இந்த டயர் கடையே வந்தது. அதனால் அந்த வீட்டில் தம்பி சொன்னதற்கு மறு பேச்சு கிடையாது.

நித்யா அந்தக் காரை வாங்கினாள் என்று கேட்டதும் தங்கவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்கோவில் நாலு டயர் அனுப்பிவிட்டார். பால் பவுடர், பிஸ்தா, தைலம், சோப்பு, அதோடு நீல பிளாஸ்டிக் சுற்றிய நாலு டயர். அன்று காலை நித்யா வெளியே போனபிறகு வீட்டுக்கு வந்திருந்தன, அண்ணாச்சி டயர்களை அப்படியே கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் காலை ஃப்ளைட்டில் தங்கவேலே வருகிறார். அதற்கடுத்த நாள் பொன்முடி மலைக்குப் பயணம். நித்யா ஓட்ட, சித்தப்பா பக்கத்தில் உட்கார, அவர் ஆசைப்பட்ட காரில், அவர் வாங்கிக் கொடுத்த டயரில். அண்ணாச்சி இதைச் சொல்லும்போது முகம் மலர்ந்து இருந்தது.

வளைகுடாவிலிருந்து வந்த பொருளை எங்கள் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எரியாத டார்ச்சும் அலமாரியில் இருக்கும், வாசம் போன சென்ட்டும் இருக்கும். பிடிக்காத சட்டையைக் கொடுத்தவர் லீவு முடிந்து திரும்பிப் போகும் வரையாவது போட்டுக்கொண்டு திரிவார்கள். வெயிலில் கிடந்து கஷ்டப்பட்டு வாங்கி அனுப்பியதைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும். எனக்கும் அந்த வழக்கத்தின் மேல் கோபம் இல்லை. ஆனால் சட்டை வேறு, டயர் வேறு.

பிஜு பிளாஸ்டிக்கைக் கிழித்தான். பார்க்க அத்தனை அழகு. ரோட்டைத் தொடுகிற பட்டன் முழுசாக இருந்தது. வார்ப்பில் வருகிற ரப்பர் முடிகூட உதிரவில்லை. சைஸும் முன்னுக்கும் பின்னுக்கும் அளவெடுத்த மாதிரி சரி. அண்ணாச்சி டயரைத் தட்டிக்கொடுத்தார்.

நான் பக்கச்சுவரில் கடைசி நாலு எண்ணைத் தேடினேன். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அதில்தான் இருக்கும். அதன்படி அந்த டயர்களை வார்த்தபோது நித்யா பத்தாம் வகுப்பில் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. இரண்டு கையாலும் பட்டனை விரித்தேன். கால்வாயின் அடியில் மயிரிழை போல வெடிப்புகள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

“இது ஆகாது அண்ணாச்சி” என்றேன்.

அவர் சிரித்தார். ஓடாத டயர் எப்படி ஆகாமல் போகும் என்றார். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும், ஷார்ஜா வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் ஆகும் என்று நான் சொன்னது அவருக்குப் புதுசு இல்லை. எத்தனை கஸ்டமருக்கு இதே கவுன்டரில் நின்று அவரே சொல்லியிருக்கிறார்! தம்பி அனுப்பியது என்றவுடன் எல்லாம் மறந்துபோனது.

“ஒரே ஒரு தடவை பொன்முடி போய்ட்டு வரட்டும் எஸ்தரு. அவன் லீவு முடிஞ்சு போனப்புறம் உனக்க இஷ்டத்துக்கு மாத்து. அவன் மனசு நோகாண்டாம்.”

“பொன்முடி ஏறினா இறங்கவும் செய்யணும்லா அண்ணாச்சி.”

மழையில், அடுத்தடுத்து வருகிற கொண்டை ஊசி வளைவில், பின் சக்கரத்தில் அத்தனை குதிரைச் சக்தி. கல்லாகிப்போன ரப்பர் அங்கே எதைப் பிடிக்கும்? நான் நித்யாவைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்னாலேயே அந்த நாலு எண்ணைப் படித்துவிட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. “ஆன்ட்டி சொல்லுறது சரிதான்ப்பா” என்று மெல்லத் தொடங்கினாள். “ஆனா சித்தப்பா...” என்று இழுத்தாள்.

எனக்கு அண்ணாச்சி மேல் வந்ததைவிட அவள் மேல்தான் கோபம் அதிகம் வந்தது. வாய் நிறைய லோடு இன்டெக்ஸும் ஸ்பீடு ரேட்டிங்கும். சித்தப்பாவிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

சாவி

விலை உயர்ந்த கார்களின் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு போல்ட்டின் தலை மட்டும் வேறு வடிவத்தில் இருக்கும். சக்கரத்தைத் திருடாமல் இருப்பதற்கு. அதைக் கழற்ற அந்தக் காருக்கென்றே ஒரு சின்ன இரும்புக் குப்பி உண்டு. லாக் போல்ட் சாவி என்போம். அது தொலைந்தால் பெரிய தலைவலி. ஒன்றிரண்டு தொலைந்து கடையில் சண்டையானபின் நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். கார் உள்ளே வந்ததும் சாவி என் கைக்கு வர வேண்டும். என்ன வேலை என்று நான் சரி சொன்ன பிறகு பிஜு கைக்குப் போகும். வேலை முடிந்து போல்ட் இறுக்கத்தைச் சோதித்தபின் திரும்ப என் கைக்கு வரும். அண்ணாச்சியே இதைப் பாராட்டி மற்ற கடைக்காரர்களிடம் பெருமை பேசியிருக்கிறார்.

அன்றைக்கும் நித்யா வந்தவுடன் சாவியை என்னிடம்தான் தந்தாள். அண்ணாச்சி லிஃப்ட்டில் காரைத் தூக்கச் சொன்னார். பிஜு தூக்கினான். பிறகு கவுன்டருக்கு வந்து கையை நீட்டினான்.

“சேச்சி, கீ.”

நான் சாவியை எடுத்து என் சோற்றுப் பாத்திரம் இருந்த பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். தரமாட்டேன் என்று சொன்னேன்.

அண்ணாச்சி வந்து கவுன்டரில் கையூன்றி நின்றார்.

“எஸ்தரு, இது எனக்க கடை.”

“கடை உங்களுக்க கடைதான். இந்த நாற்காலியில இருந்து சரின்னு சொல்லுற வாய் எனக்க வாய்.”

“அப்ப நாற்காலிய விட்டு எழும்பு.”

எழும்பினேன். குடையை எடுத்தேன். பையை எடுத்தேன். வாசல் வரை என்னை யாரும் தடுக்கவில்லை. பின்னால் அண்ணாச்சி பிஜுவிடம், வேறு சாக்கெட்டை வைத்து அடித்து அந்தப் போல்ட்டைக் கழற்று என்பது கேட்டது. அதற்கான டூல் தன் பெட்டியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்று பிஜுவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“ஆ டூல் இவிடே இல்ல முதலாளி” என்றான் பிஜு. “அடிச்சா அலாய் வீல் போகும்.”

அவனுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

தம்பானூர் ஸ்டேஷன் வரை மழையில் நடந்து, ஊருக்குப் போகிற பாசஞ்சர் ரயிலைப் பிடித்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்வானேன். என் வயசில் இன்னொரு டயர் கடையில் யார் வேலை தருவார்கள்? வீட்டில் என்ன சொல்வது? மடியில் பையை வைத்து, உள்ளே இருந்த இரும்புக் குப்பியைத் துணிக்கு மேலாகத் தடவிக்கொண்டே இருந்தேன். நெய்யாற்றின்கரை தாண்டும்போது ஃபோன் அடித்தது. அண்ணாச்சி. கார் சாமானைத் தூக்கிக்கொண்டு போனது திருட்டு, போலீஸில் சொல்லிவிடுவேன் என்றார்.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றேன். “சொல்லும்போது டயரில இருக்கிற நாலு நம்பரையும் சேர்த்துச் சொல்லுங்க.”

அவர் வைத்துவிட்டார்.

கார் வாங்குவதற்கு முன்னால்

மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கடைக்குப் போனேன். வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஆனாலும் கஞ்சி போட்டுத் தேய்த்த சேலைதான் கட்டியிருந்தேன். கார் லிஃப்ட்டின் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தங்கவேலும் நித்யாவும் இறங்கினார்கள். ஏர்போர்ட்டிலிருந்து நேராக இங்கே வந்திருந்தார், பெட்டியோடு. சத்தம் போடுவார் என்று நான் தயாராக நின்றேன். லீவில் வந்தாலும் கடைப் பக்கம் வராதவர், அன்றுதான் அவரை முதலில் பார்க்கிறேன். மெலிந்த மனிதர், தலைக்குச் சாயம் அடித்திருந்தார். யாரையும் பார்க்காமல் நேரே டயர்களிடம் போய் அதன் முன்னால் குந்தினார். பட்டனில் இருந்த ரப்பர் முடிகளை விரலால் நீவினார்.

“நீங்கதான் எஸ்தரா?” என்றார். ஆமாம் என்றேன்.

“இது நித்யாவுக்குன்னு வாங்கினது இல்ல, கேட்டியளா. எனக்குன்னு வாங்கினது. அங்க ஒரு கடையை மூடுனான். டயரு சல்லிசாக் கிடைச்சுது. இப்ப டயர வாங்கிப் போடுவோம், அடுத்த வருசம் கார வாங்கிருவோம்னு நினைச்சேன். அடுத்த வருசம் அம்மாக்கு ஆஸ்பத்திரி. அதுக்கு அடுத்த வருசம் இந்தக் கடை. கட்டில் பக்கத்துல அடுக்கி வச்சு அதுமேல சாயா குடிச்சிட்டிருந்தேன். ரூம்ல உள்ளவனெல்லாம் சிரிப்பான்.”

அவர் நிமிர்ந்து லிஃப்ட்டில் தொங்கிய காரைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக அதை நேரில் பார்க்கிறார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவருக்கும் இது புதிய செய்தி என்று தெரிந்தது. கடை வைக்க அனுப்பியது எதை விட்டுவிட்டு அனுப்பியது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சட்டென்று திரும்பி, “இப்பவாவது சாவியக் குடு எஸ்தரு. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?” என்றார்.

“மனசு இருக்கு அண்ணாச்சி. அதான் அழுகேன்” என்றேன். பிறகு தங்கவேலைப் பார்த்துச் சொன்னேன். “கஷ்டமாத்தான் இருக்கு அண்ணே. ஆனா சாவி தரமாட்டேன். நீங்க இன்னும் என்ன சொன்னாலும் தரமாட்டேன். இந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து மலை இறங்க வேண்டியது நீங்கதான்.”

பிறகு நித்யா பேசினாள். சத்தமாகவே, எல்லாருக்கும் கேட்கும்படி.

“நானும் இதுல ஓட்டமாட்டேன் சித்தப்பா.”

அதை அவள் நேற்றே சொல்லியிருந்தால் நான் ரயிலில் பயந்துகொண்டு போயிருக்க வேண்டாம். போகட்டும், அவளும் சொல்லிவிட்டாள்.

தங்கவேல் முழங்காலில் கையூன்றி எழுந்தார். அவளுடைய தலையில் கை வைத்தார். பிறகு அண்ணனிடம், “கொச்சிக்கு ஃபோன் பண்ணச் சொல்லு. பொன்முடி ஓடியா போகுது?” என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தேன். எழும்பு என்றவர் உட்கார் என்று சொல்லவே இல்லை. நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

கொச்சியிலிருந்து டயர்கள் வந்தன. எண்ணைப் பார்த்தேன், நகத்தை வைத்து அழுத்தினேன், நன்றாக இறங்கியது. பையிலிருந்து சாவியை எடுத்து பிஜுவிடம் கொடுத்தேன். பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் முடித்து, சாவி என் கைக்குத் திரும்பி வந்து, நான் அதை நித்யாவிடம் கொடுத்தேன். புது டயர் கொஞ்ச தூரம் ஓடிப் பழகும்வரை வழுக்கும், முதல் நாளே மலை ஏறாதே என்றேன். தெரியும் ஆன்ட்டி என்றாள். அவளுக்குத் தெரியும்தான்.

கத்தி

அத்தோடு முடிந்ததென்று நினைத்தேன். ஷார்ஜா டயர்கள் மூலையில் அடுக்கி இருந்தன. அண்ணாச்சி அவற்றைப் பார்த்துக்கொண்டே, சாலை பஜாரில் பழைய டயர் எடுக்கிற ஒருவன் கேட்கிறான், பட்டன் இருக்கிறதே, யாராவது வாங்கிப் போடுவான் என்றார். தம்பி ஆசைப்பட்டு வாங்கியது குப்பைக்குப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. அது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த யாராவது ஒருவனும் மழையில்தானே ஓட்டுவான்?

ஆகாத டயரைப் பக்கச்சுவரில் அறுத்துத்தான் வெளியே விட வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் முறை, பலர் செய்வதில்லை. நான் பிஜுவிடம் கத்தி கேட்டேன். தங்கவேல் அப்போது அங்கே இருந்தார். கத்தியை என் கையிலிருந்து அவர் வாங்கிக்கொண்டார். முதல் டயரின் பக்கச்சுவரில் முனையை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

“நீங்களே செய்யுங்க” என்று என்னிடம் திருப்பித் தந்தார். “எனக்க கை வரல்ல.”

வாங்கினேன். தண்ணீர் தெளித்து, கத்தியை இறக்கி, இழுத்தேன். காய்ந்த ரப்பர் லேசில் விடவில்லை. நாலையும் அறுத்து முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அவர்கள் பொன்முடி போய் வந்தார்கள். மேலே போகப் போக மழை, மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நல்லா இருந்தது என்று தங்கவேல் கடைக்கு வந்து சொன்னார். எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்தா தந்தார், வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி ரொம்ப நாள் என்னிடம் நேராகப் பேசவில்லை. பிஜு மூலமாகப் பேசினார். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தார் போல. நான் அந்த நாற்காலியை விட்டு ரிட்டயர் ஆகி வந்துவிட்டேன், இன்னும் கேட்கவில்லை.

டயர் கவுன்டரில் உட்கார வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களிடம் வருகிற ஒவ்வொரு ஆகாத டயருக்கும் பின்னால் ஒரு கதை இருக்கும், பெரும்பாலும் நல்ல கதையாகவே இருக்கும். முழுசாகக் கேளுங்கள். அழுகை வந்தால் அழுதுகொள்ளுங்கள். சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.